ஹைபேஷியா: ஒரு கொலைக்கதை கைமாறிய கதை

கணிதம் படித்த பெண்களைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் ஆளாக ஹைபேஷியா வந்துவிடுவார். 2009இல் வந்த 'அகோரா' படத்தைப் பார்த்தவர்களுக்கு ரேச்சல் வைஸின் முகம் நினைவுக்கு வரும். இளம் அழகி, மேதை, மதவெறிக் கும்பலிடம் சிக்கி மாண்டவர் என்பது வரை நமக்குத் தெரியும். இந்தக் கதை யார் யார் கைமாறி நம்மிடம் வந்தது என்பது அதைவிடச் சுவாரசியம்.

கொலையை விரிவாக எழுதிவைத்தவர் ஒரு கிறிஸ்தவர். பெயர் சாக்ரடீஸ், நஞ்சு குடித்த சாக்ரடீஸுக்கு எண்ணூறு ஆண்டு பிந்தியவர், கான்ஸ்டான்டினோபிளில் திருச்சபை வரலாறு எழுதியவர். கி.பி. 415 மார்ச், தவக்காலம். அலெக்சாந்திரியாவில் ஆயர் சிரிலுக்கும் ஆளுநர் ஒரெஸ்டீசுக்கும் ஏழாம் பொருத்தம். இருவரையும் சேரவிடாமல் தடுப்பவர் ஆளுநரின் நண்பரான ஹைபேஷியாதான் என்று ஊரில் புரளி. ஆலயத்தில் வேதம் வாசிக்கும் பேதுரு என்பவன் தலைமையில் ஒரு கும்பல் அவரை வண்டியிலிருந்து இழுத்துத் தேவாலயத்துக்குள் கொண்டுபோய், ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலைக் கூறுபோட்டு எரித்தது. இது கிறிஸ்துவின் வழிக்கு ஆகவே ஆகாது என்று சாக்ரடீஸ் அதே பக்கத்தில் கண்டித்திருக்கிறார். இறந்தவருக்கு நாற்பத்தைந்து வயதாவது இருக்கும். அறுபதைத் தாண்டியிருந்தாலும் வியப்பில்லை.

அவர் என்ன கணக்குப் போட்டார்? அப்பா தியோனும் கணிதர்தான். டாலமியின் வானியல் நூலுக்குத் தியோன் எழுதிய உரையில், மூன்றாம் பாகத்தைப் பார்த்துச் சீர்செய்தவர் மகள் என்று தலைப்பிலேயே குறித்திருக்கிறார். அந்தப் பாகத்தில் அறுபதின் அடிப்படையிலான எண்களை அட்டவணை போட்டு வகுக்கும் முறை ஒன்று வருகிறது. முதல் பாகத்தில் வகுத்தல் வேறு மாதிரி நடக்கிறது. ஆகவே அட்டவணை மகளுடையது என்பது சிலரின் கருத்து. டயோபாண்டசின் 'அரித்மெட்டிகா'வுக்கும் அவர் உரை எழுதினார். பதின்மூன்று பாகங்களில் கிரேக்க மொழியில் தப்பியவை ஆறே. ஹைபேஷியா உரை எழுதிய ஆறுதான் பிழைத்தவை என்று பிரெஞ்சு அறிஞர் பால் டேனரி ஊகித்தார். அந்த ஆறையும் பாஷே 1621இல் லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சிட, அந்தப் பிரதியின் ஓரத்தில் ஃபெர்மா என்ற கணிதர் ஒரு தேற்றத்தைக் குறிப்பாகக் கிறுக்கிவைத்தார். 1990களில் ஆண்ட்ரூ வைல்ஸ் விடுவிக்கும்வரை கணித உலகின் தூக்கத்தைக் கெடுத்த குறிப்பு அது.

சிரிலின் பக்கமும் கணிதம் இருந்தது. ஈஸ்டர் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நிலவின் சுழற்சியைக் கொண்டு கணிக்கும் வேலையில் அலெக்சாந்திரியாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சிரில் பெயரில் ஓர் ஈஸ்டர் அட்டவணை புழங்கியது. அது தீரும் தறுவாயில், 525இல், ரோமில் டயோனிசியஸ் என்ற துறவி அதை நீட்டித்தார். கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பெயரால், பழைய அட்டவணையைப் போல, ஆண்டை எண்ண அவருக்கு மனம் ஒப்பவில்லை. கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணினார். ஹைபேஷியா இறந்த ஆண்டுக்கு முன்னால் நாம் போடும் 'கி.பி.' இந்த வழியில் வந்ததுதான்.

கொலைக்கதை இதற்குள் வேறு திசைகளில் கிளம்பிவிட்டது. 7ஆம் நூற்றாண்டின் எகிப்திய ஆயர் நிகியு யோவான், வானியல் கருவிகளை வைத்து ஆளுநரை மயக்கிய சூனியக்காரியாக அவரை எழுதினார். அந்த நூல் இன்று எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில்தான் மிஞ்சியிருக்கிறது. இன்னொரு பக்கம், அலெக்சாந்திரியாவில் ஐம்பது அறிஞர்களை வாதத்தில் வென்று உயிர்விட்ட கன்னி கத்தரீனம்மாளின் கதை பரவியது. இங்கே கொன்றவர்கள் புறமதத்தார், மாண்டவர் கிறிஸ்தவர். ஹைபேஷியாவைத் திருப்பிப் போட்டு வார்த்த உருவம் இது என்று பலர் சொல்கிறார்கள், நிரூபிக்க வழியில்லை. ஆனால் கத்தரீனா இந்தியா வரை வந்துவிட்டார். 1510இல் போர்ச்சுக்கீசியர் கோவாவைப் பிடித்தது அவருடைய திருநாளான நவம்பர் 25 என்பதால், அங்குள்ள பெரிய கதீட்ரல் அவர் பெயரில் இருக்கிறது.

1720இல் ஜான் டோலண்ட் பாதிரிமாரைச் சாட ஹைபேஷியாவைத் தோண்டியெடுத்தார். மறு ஆண்டே தாமஸ் லூயிஸ், ஹைபேஷியா திமிர்பிடித்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்று பதில் நூல் போட்டார். கிப்பனின் ரோம வரலாற்றில் ஓட்டுச் சில்லு சிப்பி ஓடாகிவிட்டது; பின்னால் வந்தவர்கள் பலர் அப்படியே பெயர்த்தெழுதினார்கள். 1853இல் நூலாக வந்த சார்லஸ் கிங்ஸ்லியின் 'ஹைபேஷியா' நாவல்தான் கதையின் முகத்தையே மாற்றியது. கிங்ஸ்லி ஆங்கிலிக்கன் போதகர். கத்தோலிக்கர்மேல் தீராக் கோபம். நாயகியை இளமையாக்கி, எகிப்தியத் துறவிகளைத் தன் கால எதிரிகளின் சாயலில் வரைந்தார். பதிலடியாகக் கர்தினால் வைஸ்மன் 1854இல் 'ஃபேபியோலா' எழுதினார், பின்னாலேயே நியூமனின் 'கலிஸ்டா' வந்தது. இங்கிலாந்தின் ஒரு தெருச்சண்டை ஆதிக் கிறிஸ்தவ நாவல்களாகக் கிளைவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிங்ஸ்லியை வைத்து 1885இல் சார்லஸ் மிட்செல் தீட்டிய ஓவியத்தில் ஹைபேஷியாவின் மேல் துணியே இல்லை. இணையத்தில் அடிக்கடி கண்ணில்படும் பக்கவாட்டு முகச் சித்திரமோ, 1908இல் எல்பர்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்கரின் நூலுக்காக வரைந்தது.

கார்ல் சேகன் 1980இல் 'காஸ்மாஸ்' தொடரில் இந்தக் கொலையை அலெக்சாந்திரிய நூலகத்தின் அழிவோடு முடிச்சுப்போட்டார். 'அகோரா' இன்னும் ஒரு படி மேலே போய், 1609இல் கெப்ளர் சொன்ன நீள்வட்டப் பாதையை ஹைபேஷியாவின் கையில் கொடுத்துவிட்டது.

நிலவின் பள்ளங்களுக்கு 1651இல் பெயர் சூட்டிய இயேசு சபைத் துறவி ரிச்சியோலி, சிரிலையும் கத்தரீனாவையும் அடுத்தடுத்து உட்கார வைத்தார். அவர்களுக்கு வடக்கே, சிரிலைவிடச் சிறியதாக, ஹைபேஷியா பள்ளமும் உண்டு. வரலாற்றுச் சான்று போதவில்லை என்று 1969இல் கத்தரீனாவின் திருநாளை ரோமின் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்தார்கள். 2002இல் திரும்பச் சேர்த்தார்கள். எடுத்த அதே ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய இடம், ஹைபேஷியா பெயர் கொண்ட நிலவுப் பிளவுகளுக்குச் சற்றே வடக்கில்.