நெல்மணிக்குள் ஒரு கடிகாரம்

திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குப் பஸ்ஸில் சென்றிருக்கிறீர்களா? வழியெல்லாம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமிதான். பழநியை நெருங்கி மலையடிவாரத்திற்குத் திரும்பினால் காட்சி மாறிவிடும். ஆறும் வாய்க்காலும் வயலும் தென்படும். அங்கே, பழநிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், பொருந்தல் என்னும் சிற்றூர் இருக்கிறது. சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே எனக் கருதுவோரும் உண்டு.

இவ்வூரில் ஒரு மேட்டிற்குப் பாசிமேடு என்று பெயர். பெயரே ஒரு சான்றுதான்! 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், பழங்காலக் குடியிருப்பான அந்த மேட்டில் கண்ணாடிப் பாசிமணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அருகிலுள்ள ஈமக்காட்டில், கற்பலகைகளால் அமைந்த கல்லறைகளும் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் நான்கு கால்களுடைய ஒரு மண்சாடி. அதனுள் சுமார் இரண்டு கிலோ நெல்! அதே கல்லறையில், பானையை நிறுத்தி வைக்கும் பிரிமனை போன்ற மண்தாங்கி ஒன்றும் இருந்தது. அதன்மேல் 'வயர' எனப் படிக்கப்பட்ட தமிழ்பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன.

எழுத்துக்கு வயது காண்பது கடினம். சுட்ட மண்ணில் கீறிய கோட்டில் அளப்பதற்குக் கரிமம் ஏது? ஆனால் நெல்லில் கரிமம் உண்டு. நெல்லும் தாங்கியும் ஒரே சடங்கில் வைக்கப்பட்டவை என்றால், நெல்லின் வயதே எழுத்தின் வயதும் ஆகும்.

பயிர் உயிரோடிருக்கும்போது காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கரிமத்தில் ஏறக்குறைய இலட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று கார்பன்-14 என்னும் கதிரியக்க அணு. அறுவடையோடு வரவு நின்றுவிடுகிறது. சிதைவு மட்டும் தொடர்கிறது. 5,730 ஆண்டுகளில் பாதி மறைகிறது. (அப்படியானால் 11,460 ஆண்டுகளில் முழுவதும் தீர்ந்துவிடுமா என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். தீராது, மீதியில் பாதிதான் போகும்.) 2,500 ஆண்டு பழமையான நெல்லில் நூற்றுக்கு 74 பங்கு எஞ்சியிருக்கும்.

எஞ்சியதை எப்படி அளப்பது? 1940களின் இறுதியில் இம்முறையைக் கண்ட லிப்பி, சிதைவுகளையே எண்ணினார். நம் நெல்மணிக்கு அது உதவாது. அதிலிருந்து கிடைக்கும் ஒரு மில்லிகிராம் கரிமத்தில், நூறு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஓர் அணு சிதையும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குப் பிழையைக் குறைக்க 10,000 சிதைவுகளை எண்ண வேண்டும். அதாவது, கருவியின் முன் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்! ஆனால் அதே ஒரு மில்லிகிராமில் சிதையாமல் இருக்கும் கார்பன்-14 அணுக்களோ நாலு கோடிக்கு மேல். சாவுகளை எண்ணுவதைவிட உயிரோடிருப்பவர்களை எண்ணுவது எளிதல்லவா? 1970களின் பிற்பகுதியில் உருவான முடுக்கி நிறைநிரல் முறை இதைத்தான் செய்கிறது. அணுக்களை மின்னூட்டி, வேகமாக முடுக்கி, காந்தப் புலத்தில் வளைத்தால், நிறைக்கேற்பப் பாதை பிரிகிறது. கார்பன்-14 தனியே வந்து விழுகிறது.

பொருந்தல் நெல் அமெரிக்காவின் மியாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்குச் சென்றது. விடை கி.மு. 490. ஒரே ஒரு மாதிரியை நம்பலாமா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. இரண்டாவது மாதிரி கி.மு. 450 என்றது. அசோகரின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. தமிழ்பிராமி அவர் காலத்துப் பிராமியிலிருந்தே வந்தது என்ற கருத்தை இந்த எண்கள் அசைத்துவிட்டன.

மாதிரி நெல்லாக அமைந்தது பெரும் நற்பேறு. கரித்துண்டாயின், முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் உட்பகுதியாக இருக்கலாம். வயது வீணாகக் கூடிவிடும். நெல்லோ ஒரு போகப் பயிர்.

எனினும் 490 என்பதைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆண்டு போலக் கொள்ளலாகாது. காற்றிலுள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. வயது தெரிந்த மர வளையங்களை அளந்து ஒரு திருத்தக் கோடு வரைந்திருக்கிறார்கள். அக்கோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறையச் சமதளமாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது விளைந்த நெல்லானாலும் கருவி கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டக்கூடும். பொருந்தல் நெல் விழுவது அந்தச் சமதளத்தில்! ஆகவே 490க்கும் 450க்கும் உள்ள நாற்பது ஆண்டு வேற்றுமையைப் பெரிதாகப் பேசுவதில் பொருளில்லை. அசோகருக்கு முற்பட்டது என்பதே இவ்வெண்களின் வலு. தாங்கியும் நெல்லும் ஒரே வேளையில் வைக்கப்பட்டன என்பதை இயற்பியல் சொல்லாது; அது அகழ்ந்தவரின் கண்ணும் குறிப்பேடும் சொல்ல வேண்டியது.

பொருந்தல் இன்று தனித்து நிற்கவில்லை. 2019இல் தமிழக அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், கீழடியின் ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்று வந்தது. அந்த ஆண்டும் அதே சமதளத்தின் மேல்தான் கிடக்கிறது.