டெலீட் செய்த கோப்பு எங்கே போகிறது? 1977 முதல் டிரிம் வரை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். ஷிப்டை அழுத்திக்கொண்டு டெலீட். பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அதில் ஒன்றுக்குள் அப்பாவின் குரல் பதிவு இருந்தது. எங்கள் ஊர் ஏரியின் மதகுகள், மடைகள், முறை வைத்துத் தண்ணீர் விட்டது பற்றி 40 நிமிடம் பேசியிருந்தார். அப்பா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

ஆனாலும் பெரிதாகப் பதறவில்லை. காரணம், 2006-ல் நடந்த ஒரு சம்பவம். ஊர்க் கோயிலில் எடுத்த கல்வெட்டுப் படங்கள் இருந்த பார்ட்டிஷனை கவனிக்காமல் குயிக் ஃபார்மேட் செய்துவிட்டேன். மீட்பு மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் ஏறக்குறைய எல்லாப் படமும் வந்திருந்தது. கோப்புப் பெயர்கள் மட்டும் போச்சு. அந்தத் தைரியத்தில்தான் இந்த முறையும் உட்கார்ந்தேன்.

மென்பொருள் கோப்பைக் கண்டுபிடித்தது. பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. மீட்டு எடுத்து ஓட்டினால் சத்தமே இல்லை. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பூஜ்யம்.

2006-ல் பெயர் போய் உள்ளடக்கம் வந்தது. இப்போது பெயர் வந்து உள்ளடக்கம் போய்விட்டது. ஏன் இப்படித் தலைகீழாக ஆச்சு என்று தேடப் போனதில் கிடைத்த கதைதான் இது.

கதை 8 அங்குல ஃப்ளாப்பி காலத்தில் தொடங்குகிறது. 1974-ல் கேரி கில்டால் சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். அன்றைய 8 அங்குலத் தட்டுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒவ்வொரு பைட்டிலும் 229 என்ற எண் (பதினாறடிமான முறையில் ஈ5) நிரப்பப்பட்டு வரும். கில்டாலின் முறையிலும் கோப்புப் பட்டியலில் ஒரு வரி 229 என்று தொடங்கினால் அந்த வரி காலி என்று அர்த்தம். இதனால் புதுத் தட்டைத் தனியாகத் தயார் செய்ய வேண்டியதில்லை, போட்டவுடன் காலிப் பட்டியலாகவே தெரியும். ஒரு கோப்பை அழிக்க வேண்டுமா? அதன் வரியின் முதல் பைட்டை 229 ஆக்கினால் போதும். உள்ளே இருக்கும் தகவலைத் தொட வேண்டியதே இல்லை.

1977-ல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் ஃபேட் என்ற அட்டவணை முறையை உருவாக்கினார். 1980-ல் டிம் பேட்டர்சன் தன் 86-டாஸில் அதைப் பயன்படுத்தினார். அழித்ததைக் குறிக்க அதே 229-ஐயும் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அது மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசியோடு வெளியே வந்தது. அந்த பிசியின் ஃப்ளாப்பி 160 கிலோபைட்தான். ஆனால் வேகம் ஆமை வேகம். அழிப்பதற்காக முழுக் கோப்பின் மேலும் பூஜ்யம் எழுதிக்கொண்டிருந்தால் பயனர் காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஆக, டெலீட் என்றால் இரண்டே வேலை: பெயரின் முதல் எழுத்தை மாற்று, அட்டவணையில் அந்தக் கோப்பின் துண்டுகளைக் காலி என்று குறி. வீட்டு வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டை அப்படியே விட்டுவிடுவது மாதிரி.

இதை முதலில் காசாக்கியவர்களில் பீட்டர் நார்டன் முக்கியமானவர். தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டு, அதை மீட்க அவரே ஒரு நிரல் எழுதினார். 1982-ல் அதைச் சேர்த்து நார்டன் யுடிலிட்டீஸ் விற்பனைக்கு வந்தது. 1991-ல் எம்எஸ்-டாஸ் 5.0-ல் அன்டெலீட் என்ற கட்டளையே சேர்ந்துவிட்டது. சென்ட்ரல் பாயின்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் சேர்த்தது அது. டாஸில் வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும், மீட்கும்போது 'முதல் எழுத்து என்ன?' என்று நம்மிடம் கேட்கும். அந்த எழுத்தின் மேல்தானே 229 உட்கார்ந்திருக்கிறது! கோப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது பட்டியலில் அப்படியே இருக்கும். ஆனால் துண்டுகளின் சங்கிலி போயிருக்கும். அடுத்தடுத்த துண்டுகள்தான் என்று ஊகித்து எடுக்கும். கோப்பு சிதறிக் கிடந்தால் ஊகம் தப்பிப்போகும். பழைய மீட்புகளில் பாதி கோப்பு சரியாகவும் மீதி குப்பையாகவும் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1993-ல் டாஸ் 6.0 'டெலீட் சென்ட்ரி' என்று அழித்தவற்றை ஒரு மறைவான ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்தது. 1995-ல் விண்டோஸ் 95-ன் ரீசைக்கிள் பின் அதையே எல்லோருக்கும் ஆக்கியது. ஆப்பிள் 1983-லேயே லிசா கணினியில் குப்பைக்கூடை வைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குப்பைத்தொட்டியைக் காலி செய்த பிறகும் கீழே அதே பெயர்ப்பலகை வேலைதான். பட்டியலே போய்விட்டாலும் தட்டை வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். 255, 216, 255 என்று தொடங்கினால் ஜேபெக் படம் என்று பிடித்துவிடலாம். கிறிஸ்டோஃப் கிரெனியேயின் ஃபோட்டோரெக் இப்படித்தான் வேலை செய்கிறது. 2006-ல் என் கல்வெட்டுப் படங்கள் பெயரில்லாமல் வந்தது இந்த வழியில்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 158 பழைய ஹார்டு டிஸ்குகளை வாங்கி ஆராய்ந்து 2003-ல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-ல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவத் தகவல்கள் எல்லாம் கிடைத்தன. எனக்கு உதவிய அதே சோம்பேறித்தனம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இனி எஸ்எஸ்டி. ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத் துடைக்க வேண்டும். இங்கேதான் பழைய முறை இடித்தது. டெலீட் என்றால் பட்டியலில் மட்டும் மாற்றம் என்பதால், எந்த இடம் காலி என்று டிரைவுக்கே தெரியாது. வேண்டாத குப்பையையும் சுமந்துகொண்டு போகப் போக மெதுவாகும். தீர்வாக வந்த கட்டளை டிரிம். 2009-ல் விண்டோஸ் 7 அதை ஆதரித்தது. கோப்பை அழித்தவுடன் 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று இயங்குதளம் டிரைவுக்குச் சொல்லிவிடும். அதன்பிறகு அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால் பெரும்பாலான டிரைவ்கள் பூஜ்யத்தைத்தான் தரும். பட்டியலில் பழைய வரி இன்னும் இருப்பதால் பெயரும் அளவும் தெரியும். மென்பொருளும் பச்சை நிறத்தில் 'மீட்கலாம்' என்று காட்டும். என் விஷயத்தில் நடந்தது இதுதான்.

ஆக, டெலீட்டுக்கும் அழிவுக்கும் நடுவில் இருந்த அவகாசம் யாரும் நமக்காக யோசித்துக் கொடுத்த வசதி இல்லை. மெதுவான ஃப்ளாப்பியால் தற்செயலாகக் கிடைத்தது. வேகமான டிரைவ் வந்ததும் போய்விட்டது.

மாட்டிக்கொண்டவர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவாதீர்கள், மீட்டதையும் அதிலேயே சேமிக்காதீர்கள். அழித்தது பென்டிரைவ், கேமரா கார்டு என்றால் அது ரீசைக்கிள் பின்னில் இருக்காது. ஆனால் பலவற்றுக்கு டிரிம் போவதில்லை என்பதால் முயற்சி செய்து பார்க்கலாம். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்றால் பெயரையும் அளவையும் பார்த்து நம்பாதீர்கள். இலவசப் பதிப்பில் கோப்பின் உள்ளே பார்க்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். நான் பார்க்காமல் கட்டினேன்.

அன்று இரவே அப்பா சொன்னதில் நினைவிருந்ததை எழுதி வைத்தேன். நாலு பக்கம் வந்தது. இரண்டு மடைகளின் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவரைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். கிளம்புவதற்கு முன் அங்கேயே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.