வேர்ப்பிடிப்பு (ஊவா மலைச்சரிவுகள்)

சரிவிலுள்ள மண்ணுக்கு வேர்கள் தரும் கூடுதல் உறுதியே வேர்ப்பிடிப்பு. மண் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் இழுத்தால் பிரிந்துவிடும். உயிருள்ள வேர் அந்தக் குறையை நிரப்புகிறது. ஈரத்தை உறிஞ்சி நீரழுத்தத்தையும் குறைக்கிறது. மரத்தை வெட்டிய அன்றே இவ்வுறுதி போய்விடுவதில்லை. நுண்வேர்கள் முதலில் மக்கும், பருத்த வேர்கள் ஆண்டுக்கணக்கில் நலியும். புதுவேர் ஊன்றுமுன் வரும் அந்த இடைவெளிதான், வெட்டிய சில ஆண்டுகளுக்குப் பின், மிக ஆபத்தானது. மக்கிய வேர் விட்ட துளைகளில் மழைநீரும் ஆழத்துக்கு இறங்கும். ஆகவே பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் மரம் அகற்றிய சரிவைப் பசுமையை மட்டும் பார்த்து நம்புவது பிழை.

தேயிலையும் செடிதானே, அதன் வேர் போதாதா என்று கேட்கலாம். விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. தண்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலைக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. மீள்நடுகைக்கு முன் வளர்க்கும் குவாட்டமாலா புல் மேல்மண்ணைக் காக்கும், இழந்த மரவேரின் ஆழத்தை ஈடுசெய்யாது. இன்னும் வலுவான மறுப்பு, 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளைப் புதைத்த மண்சரிவிலிருந்து எழுகிறது: அத்தகைய ஆழமான மண்சரிவை, பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு மீட்டருக்குள் அடங்கும் வேர்கள் தடுத்திருக்குமா? தடுத்திருக்காது. அங்கே தேவைப்பட்டது குடியிருப்பை இடமாற்றுவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதை முன்பே பரிந்துரைத்திருந்தது. ஆனால் வீதியோர வெட்டுகளிலும் லயன்களின் பின்மேட்டிலும் நேரும் ஆழமற்ற மண்சரிவுகளில் வேரின் பங்கு பெரிது.