தோப்பும்படியில் ஒரு துணிக்கட்டம்

நைந்த புடவைகளைத் துண்டு துண்டாக ஒட்டித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்குவது நம் இல்லங்களில் உள்ள வழக்கமே. மேனாட்டு மாதர் தம் வரலாற்றையும் இவ்வாறு கட்டங்களில் தைத்து வைப்பதுண்டு. வாக்குரிமைக்குப் போராடிய இங்கிலாந்துப் பெண்களுள் ஒரு பிரிவினர் 1908-இல் ஊதா, வெள்ளை, பச்சை ஆகிய நிறங்களைத் தம் சின்னமாகக் கொண்டனர். கொச்சியில் வாழும் தமிழராகிய நாம் தோப்பும்படியில் அமர்ந்து அத்தகைய கட்டம் ஒன்றைத் தைப்பதானால், எந்தத் துணிகளைச் சேர்ப்போம்?

முதல் துண்டு, சென்னையின் பெயர் பெற்ற கட்டம் போட்ட பருத்தித் துணி. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் தூதுக்குழு ஒன்று இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் கண்டு வாக்குரிமை கோரிற்று. 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தம் அம்முடிவை மாகாணச் சட்டசபைகளிடமே விட்டது. 1921-இல், பிரிட்டிஷ் மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை அவ்வுரிமையை வழங்கியது.

அடுத்தது, கசவுக் கரையிட்ட மலையாள நாட்டு வெண்துணி. இவ்விரண்டையும் இணைக்கும் தையல் நம் ஊர்ப்பக்கமே ஓடுகிறது. கோட்டைக் கொச்சி அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அடுத்திருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் சமஸ்தானம். நடந்து கடக்கும் தூரத்தில் இருவேறு ஆட்சிகள்! சமஸ்தானத்தில் 1925-இல் சட்டசபை அமைந்தபோது பெண்களும் வாக்குரிமை பெற்றனர். தோட்டைக்காட்டு மாதவியம்மா நியமன உறுப்பினரானார். எனினும், இருபுறமும் சொத்து முதலிய தகுதி உடையோர்க்கே வாக்கு இருந்தது.

மூன்றாவது, கதர்த் துண்டு. கொச்சியை அடுத்த முளவுகாட்டில் 1912-இல் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், 1946-இல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். அச்சபை வகுத்த சாசனம் 1950-இல், ஆண் பெண் பேதமின்றி வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்களித்தது.

நடுத்துண்டு வெறும் வெள்ளையாக இருக்கட்டும். முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட இந்தியாவில், சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டனர். அவர்கள் தம் பெயரைக் கூறாது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தனர். சட்டம் தந்த உரிமையைப் பெயரின்மை பறித்துவிட்டது.

பிழைப்புக்காக ஊர் மாறிய நமக்கு இதில் படிப்பினை உண்டு. வாழும் ஊரின் பட்டியலில் வீட்டு ஆடவரின் பெயரைச் சேர்த்துவிட்டு, பெண்களின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது எளிது. அவ்வாறு விடலாகாது. அந்த வெள்ளைத் துணியில் நாம் பூவேலையாய்த் தைக்க வேண்டியது, தைப்பவளின் சொந்தப் பெயரே.