பொன்னாடை பெறாத தலைவர்கள்

பதுளையில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்திற்கு என் மாணவர் சிலரையும் அழைத்துச் சென்றிருந்தேன். மாலைகள் குவிந்தன, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, வாழ்த்துப்பா படிக்கப்பட்டது. திரும்பும் வேளையில், வாசலில் காவல் நின்ற கான்ஸ்டபிளைக் கண்ட ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இவங்கட சங்கத் தலைவர் ஓய்வு பெற்றால் கூட்டம் எங்க நடக்கும்?"

எங்கும் நடவாது. இந்நாட்டில் பொலிசாருக்குத் தொழிற்சங்கம் இல்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கும் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பே, ஆயுதப் படையினர், பொலிசார் ஆகியோர் விடயத்தில் அவ்வுரிமையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் இடமளித்திருக்கிறது. தொழிற்சங்கச் சட்டமும் பொலிசாரை வெளியே நிறுத்தியிருக்கிறது. இத்தடை எந்த அச்சத்திலிருந்து பிறந்தது? விடை தேடுவோர் ஆங்கில நாட்டு வரலாற்றையும், நமது ஊவாவின் வரலாற்றையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

முதல் உலகப் போரின் இறுதி ஆண்டு. விலைவாசி ஏறியது; லண்டன் கான்ஸ்டபிளின் சம்பளம் ஏறவில்லை. சங்கத்தில் ஈடுபட்டதற்காகத் தீல் என்ற கான்ஸ்டபிள் பதவி நீக்கப்பட்டார். 1918 ஆகஸ்ட் 30-ஆம் நாள் லண்டன் பொலிசார் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். பிரதமர் லாயிட் ஜார்ஜ் பணிந்தார்; சம்பளம் உயர்ந்தது; தீல் மீண்டும் வேலை பெற்றார். சங்கத்திற்கு அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு அச்சங்கத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதை எதிர்த்து லண்டன், லிவர்பூல் முதலிய நகரங்களில் வேலைநிறுத்தம் செய்த 2,300க்கும் மேற்பட்ட பொலிசார் வேலையிழந்தனர். ஒருவர்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. சங்கத்திற்குப் பதிலாக, வேலைநிறுத்த உரிமையற்ற சம்மேளனம் ஒன்றை அரசே அமைத்துக் கொடுத்தது.

சம்பளச் செலவு மட்டுமா அரசை அச்சுறுத்தியது? அன்று பிரிட்டனில் தொழிலாளர் போராட்டங்கள் மிகுந்திருந்தன. அவற்றை அடக்க அனுப்பப்படும் கான்ஸ்டபிள், தானும் ஒரு தொழிலாளி என்பதை உணர்ந்துவிட்டால் என்ன ஆகும்? இதுவே ஆட்சியாளரின் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி.

அக்கேள்வியின் கனத்தை 1940-இல் நமது மலைகள் கண்டன. அவ்வாண்டு ஜனவரியில், கண்டிச் சீமையின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். ஆயினும் போராட்ட அலை ஓயவில்லை, ஊவாவிற்கும் பரவிற்று. லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க, வி. சித்தம்பலம் ஆகியோர் இங்கு தலைமை தாங்கினர். சிங்களவரும் தமிழரும் ஒரே அணியில் நின்ற தலைமை அது. பதுளையில் கூட்டங்களுக்கு நீதவான் தடை விதித்தார். மே 12-ஆம் நாள் என். எம். பெரேரா அத்தடையை மீறிப் பெருங்கூட்டத்தில் பேசினார். பொலிசாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பதுளையை அடுத்த வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். அம்மன்றத்தைக் கலந்தே நடப்பதற்குத் துரையும் இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்துவிட்டனர். பின்னர் பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்திற்கு மேல் வெளியுலகினின்று துண்டித்தது. அத்தருணத்தில் பொலிஸ் அடக்குமுறை அலையை முறியடித்தது. ஜூன் மாதத்தில் சமரக்கொடி உள்ளிட்ட தலைவர்கள் சிறை புகுந்தனர்.

அந்நாளில் இரு தரப்பினரும் எதிரெதிரே நின்றதை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம், லயத்தில் பிறந்து சங்கத்தால் நிமிர்ந்த தொழிலாளி. மறுபக்கம், துப்பாக்கி உண்டு, சங்கம் இல்லை என்ற நிலையிலுள்ள கான்ஸ்டபிள். கட்டளை தவறு என்று கூடிப் பேச அவனுக்கு ஓர் இடமில்லை. ஆயுதம் தாங்கியவனே அங்கு ஆதரவற்றவன். கோவிந்தனின் மரணத்திற்கு இது சமாதானம் ஆகாது. சுட்ட கை பொறுப்பினின்று தப்பவும் முடியாது. ஆனால் பேசத் தெரியாத படையைக் கொண்டே பேசத் துணிந்த மக்களை அடக்குகிறார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

பொலிசார் வேலையை நிறுத்தினால் நாடு என்னாகும் என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். வேலைநிறுத்த உரிமைக்கு வரம்பு வைப்பது வேறு. குறைகளைக் கூடிச் சொல்லும் வாயையே அடைப்பது வேறு. பிரிட்டனின் சம்மேளனம் அரசு தந்த அரைகுறைப் பரிசுதான். எனினும் அங்கே ஒரு கான்ஸ்டபிள் சக ஊழியரின் பிரதிநிதியாக உழைத்து, அவர்களின் வாழ்த்தோடு ஓய்வு பெற முடிகிறது.

பாராட்டு விழாக்கள் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. உழைத்த முதியவரின் தோளில் துணி போர்த்துவது நல்ல பண்பாடே. ஆனால் கழிந்த ஆண்டுகளை எண்ணுவதோடு நின்றுவிட்டால் அது வெறும் சடங்கு. இவர் வருமுன் இல்லாத எந்த உரிமை, இவர் போகும்போது இருக்கிறது? அவ்வுரிமையை வேறு யாருக்கும் கேட்க இவர் துணிந்தாரா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறக்கூடியவரே தலைவர். வேலையிழந்த லண்டன் கான்ஸ்டபிள்களுக்கும், பெயர் தெரியாமல் மறைந்த வெவஸ்ஸ மன்றத்தாருக்கும் யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அவர்களை வகுப்பறையில் நினைவுகூர்வது நம் கடமை.

அன்று என் மாணவன் கேட்ட கேள்வி கான்ஸ்டபிளின் செவியிலும் விழுந்திருக்கும். அவர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அனுமதியில்லை.