வெண்மைக்கு நாம் கொடுத்த விலை

கட்டபெட்டுச் சந்திப்பில் தேநீர்க்கடையொன்றில் பரோட்டா உண்டுகொண்டிருந்தேன். "மைதாவில் அலாக்சான் கலக்கிறார்களாமே சார், சர்க்கரை நோய் வருமாம்?" என்று கேட்டார் அருகிலிருந்த பெரியவர். உடனே விடை கூற இயலவில்லை. விடையின் ஒரு பாதி பக்கத்துக் குன்னூரிலேயே இருப்பது பின்னரே நினைவுக்கு வந்தது.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அரிசியை வெள்ளையாகத் தீட்டுகையில் தவிட்டோடு பி1 உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அக்குறைவே அந்நோய்க்குக் காரணம். பின்னாளில் அவர் எலிகளுக்கு இருவகை உணவளித்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், காய்கறி உண்டவை செழித்தன. ஏழை ஆங்கிலேயரின் வெள்ளை ரொட்டியும் இனிப்புத் தேநீரும் உண்டவை குன்றின, ஒன்றையொன்று தாக்கின. அந்த ஓரறை ஆய்வகமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அது வெண்மைக்காக நீக்கியதன் கேடு. சேர்த்ததன் கேடு வேறு. புதிதாக அரைத்த கோதுமை மாவு இளமஞ்சள் நிறமுடையது. சில வாரங்கள் வைத்திருந்தால் காற்றுப்பட்டுத் தானே வெளுக்கும். அதுவரை பொறுக்காத மேலைநாட்டு ஆலைகள் 1920-களில் நைட்ரஜன் டிரைகுளோரைடு வாயுவைக் கையாண்டன. அம்மாவை உண்ட நாய்களுக்கு வலிப்பு வருவதை 1946-இல் எட்வர்ட் மெல்லன்பி கண்டறிந்தார். மனிதருக்கு அவ்வாறு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை. எனினும் அம்முறை கைவிடப்பட்டது. சோதனைக்கு முன்பே ஒரு தலைமுறை அந்த ரொட்டியை உண்டு முடித்திருந்தது என்பதே நம்மை உறுத்தவேண்டிய செய்தி. ரொட்டி மாவைப் பதப்படுத்தப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேட்டுக்கும், புற்றுநோய் ஐயத்தால், இந்தியாவில் 2016-இல்தான் தடை வந்தது.

அலாக்சான்? ஆய்வக விலங்குகளுக்கு நீரிழிவை உண்டாக்கப் பயன்படும் பொருள்தான். ஆனால் அது மாவை வெளுக்கச் சேர்க்கும் பொருளன்று. வெளுக்கையில் நுண்ணளவில் தோன்றக்கூடும் என்பர். அவ்வளவால் மனிதருக்கு நீரிழிவு வரும் என்பதற்குச் சான்றில்லை.

பெரியவரை மீண்டும் கண்டால் இதைத்தான் சொல்வேன்: ஐயா, அஞ்சுவதற்கு வதந்தி வேண்டாம், வரலாறே போதும். தவிடும் முளையும் நீங்கிய மாவு நம் தட்டில் அன்றாடம் இருக்கிறது. ராகியும் சாமையும் விளைந்த இம்மலையில், வெள்ளையாக இருப்பதே உயர்ந்தது என்று ஆலைக்காரர் மட்டுமா நினைத்தார்? நாமும்தானே நினைத்தோம்!