‘பிசை’ என்னும் வினை: வடிவும் வழக்கும் இனமும்

அடுக்களைச் சொற்களை ஆராய்ச்சியாளர் பெரிதும் நோக்குவதில்லை. எனினும் மொழியின் தொன்மை அத்தகைய அன்றாட வினைகளிலேயே தங்கியிருத்தல் உண்டு. ‘பிசை’ என்பது அவற்றுள் ஒன்று. ஒலியொப்புமை கருதி, இதனை அரைத்தற்பொருள் தரும் ‘பிஷ்’ என்னும் வடமொழி வினையடியோடு இயைக்க நினைப்பார்க்கு இடமுண்டு. அவ்வியைபு பொருந்துமா என்பதை வடிவு, வழக்கு, இனம் ஆகிய மூன்றும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் வடிவு. பிசைந்தான், பிசைகின்றான், பிசைவான் என இவ்வினை நடைபெறும். குழைந்தது, குழைத்தான் என்பனபோலத் தன்வினை பிறவினை இணை இதற்கு இல்லை. செயப்படுபொருள் குன்றா வினையாயினும், ‘வரைந்தான்’ என்பதுபோல மெல்லொற்றுடன் கூடிய இறந்தகால வடிவையே ஏற்கும்.

அடுத்தது வழக்கு. குறுந்தொகை 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார், முற்றிய தயிரை விரலாற் பிசைந்து புளிக்குழம்பு ஆக்கும் தலைவியைக் காட்டுகின்றார். அங்குப் பிசையப்படுவது மாவன்று, தயிரே. இன்றும் சோற்றைப் பிசைகின்றோம்; செய்வதறியாதவன் கையைப் பிசைகின்றான்; பசி வயிற்றைப் பிசைகின்றது. இவையனைத்திற்கும் பொதுவாய் நிற்பது அழுத்திக் கசக்குதல் என்னும் செயலே. மாவு பிசைதல் அப்பொதுப்பொருளின் ஒரு கூறாகும்.

இனி இனம். தெலுங்கில் ‘பிசுகு’ என்பதும், கன்னடத்தில் ‘ஹிசுகு’ என்பதும் அழுத்துதல், பிழிதல் என்னும் பொருளன. பழங்கன்னடத்து மொழிமுதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாதல் இயல்பு; பால் என்பது ‘ஹாலு’ எனவும், புலி என்பது ‘ஹுலி’ எனவும் ஆயினமை காண்க. பெருமாநல்லூர் அமைந்த கொங்குப் பகுதியில் தமிழோடு இவ்விரு மொழிகளும் வீட்டுமொழிகளாய் வழங்குதலின், இவ்வுறவை ஏட்டிலன்றிச் செவியாலும் அறியலாம்.

மேலைமொழியிலும் இத்தகைய நெறி உண்டு. மாவு பிசைதலைக் குறிக்கும் ஆங்கில ‘நீட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘க்னெடன்’ எனப்பட்டது. ஜெர்மானியம் இன்றும் ‘க்னேட்டன்’ என்னும். பழைய ஆங்கிலத்தில் உயிர்மாற்றத்தால் இறந்தகாலம் காட்டிய அவ்வினை, பின்னர் ஈற்றில் விகுதி பெறும் வினையாயிற்று. இதற்கு இனமான பழைய ஸ்லாவிய ‘க்னெஸ்தி’ என்பதன் பொருளோ அழுத்துதல் என்பதே. தொடர்பில்லா இரு மொழிக்குடும்பங்களிலும் அழுத்தற்சொல்லே மாவுக்கும் உரியதாயிற்று என்க.

இவற்றால் ‘பிசை’ திராவிட இனச்சொல் எனக் கொள்வதே பொருத்தமாகும். ‘பிஷ்’ என்பது தானியத்தைத் தூளாக்கும் அம்மியின் தொழில். ‘பிசை’ என்பது ஈரமும் நெகிழ்வும் உள்ளதன்மேற் கையின் தொழில். அரைத்தல் முடிந்த பின்னரே மாவு பிசைதல் தொடங்கும். ஓசை ஒத்தமை ஒன்றே கொண்டு இவ்விரண்டையும் ஒன்றாக்குதல் ஆராய்ச்சி நெறியாகாது. வீட்டுமொழிகள் இளந்தலைமுறையின் நாவினின்று நீங்குமுன், கொங்கு வீடுகளில் வழங்கும் இத்தகைய வினைகளை மும்மொழியிலும் தொகுத்தல் ஆய்வு மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.